வெள்ளைக் கோடு

மூட்டை நகரவில்லை. நகராது என்று தெரிந்தும் செண்பகவல்லி திரும்பித் திரும்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டியைச் சுற்றியிருந்த இரும்புக் கம்பியில் சாய்ந்து, வாய் தைத்த வெள்ளைச் சாக்கு, மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பிளீச்சிங் பவுடர். காலையில் நகராட்சி டிராக்டரில் வந்தது. இறக்கிப் போட்ட ஆள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டே, ‘மெட்ராசுல இருந்து முனிசிபாலிட்டி டைரக்டர் வாராகளாம், அவுக வாரதுக்கு முன்னால பூராத்தையும் இந்தத் தொட்டியில கொட்டிக் கலக்கிரணுமாம், கொஞ்சங்கூட வாடை இருக்கப்படாதாம், சார் சொல்லச் சொன்னாக’ என்று ஒப்பித்துவிட்டுப் போய்விட்டான். இந்தத் தொட்டியில். ஊரில் எத்தனை குழி இருக்கிறது, எத்தனை குப்பைமேடு இருக்கிறது, பஸ் ஸ்டாண்டு கழிப்பறை ஒன்று போதாதா, அதையெல்லாம் விட்டுவிட்டு இந்தத் தொட்டியில். அடியிலிருந்து காற்றுக் கொப்பளிக்க, காப்பி நிறத்தில் தண்ணீர் புரண்டுகொண்டிருந்தது. அந்த நிறமே உயிர்தான். கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர். ஊர் கழித்துவிட்டதைத் தின்று தண்ணீரைத் தெளியவைப்பது அதுகள்தான், மோட்டார் இல்லை, சிமெண்டு இல்லை, வாசலில் கல்வெட்டு வைத்துப் பேர் பொறித்துக்கொண்ட பெரிய மனிதர்கள் நிச்சயமாக இல்லை. அதுகள் தலையில் ஒரு மூட்டைப் பவுடரைக் கொட்டினால் மதியத்துக்குள் அத்தனையும் செத்து, தொட்டி சாம்பல் பூத்துப் போகும். நாற்றம் போகவேண்டும் என்பதற்காக நாற்றத்தைத் தின்கிறவர்களைக் கொல்லச் சொல்கிறார்கள், அதையும் அவளையே செய்யச் சொல்கிறார்கள். என் கையாலா, என் கையாலா என்று அவள் உதடு முணுமுணுத்தது. மூட்டையை ஒரு உதை விட்டாள். செருப்பில் வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது, அதைத் தொட்டிக்கு எட்டாத தூரத்துக்குப் போய் மண்ணில் தேய்த்துத் துடைத்தாள்.

சுற்றிலும் கரிசல் வெடித்துக் கிடந்தது. சீமைக்கருவேல முள்ளைத் தவிரப் பச்சை என்று ஒன்று இந்தக் கோடையில் இந்தத் திசையில் இருந்தால் அது இந்தச் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்துக் குழாய் போய் முடிகிற இடத்தில்தான். அங்கே கீழப்பட்டிப் பெண்கள் மாட்டுக்குப் புல் போட்டிருக்கிறார்கள், தலைக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. ஆடுகள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன, வேறு தண்ணீர் எங்கே இருக்கிறது, கண்மாய் தூர்ந்து கிரிக்கெட் ஆடுகிறார்கள். அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் பால்தான் விடிகாலையில் ஊருக்குள் போகிறது. அந்தப் பாலில் போட்ட டீயைக் குடித்துக்கொண்டுதான் ஷேர் ஆட்டோவில் வருகிறவர்கள் இந்த வாசல் வந்ததும் மூக்கைப் பிடிக்கிறார்கள். பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. தொட்டி நன்றாக ஓடும்போது மழை பெய்த காட்டு மண் வாசம்தான் வரும், சத்தியமாக. ஆனால் வாசலில் பலகையைப் பார்த்தவுடனேயே கை மூக்குக்குப் போய்விடுகிறது, பலகைக்கு நாற்றம் உண்டா? அவள் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் கல்யாண வீடுகளில், ‘நம்மாளு முனிசிபாலிட்டில வேல பாக்கா’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். எந்தப் பிரிவு என்று எவனாவது கேட்டால் பந்திக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவார். கெமிஸ்ட்ரி படித்த பெண் என்று பெருமையாகக் கட்டிக்கொண்டு வந்தவர்தான். எதிர்வீட்டு ஜெயக்கொடி அக்கா அவளிடம் தோசை மாவு வாங்குவதை நிறுத்திவிட்டாள், கேட்டால் மாவு புளிக்கிறதாம். புளிக்கிறதாம்! மாவு புளிப்பதும் இங்கே தொட்டியில் நடப்பதும் அண்ணன் தம்பி காரியம் என்று ஜெயக்கொடி அக்காவுக்கு யார் சொல்வது, சொன்னால் அப்புறம் இட்லியையே நிறுத்திவிடுவாள்.

மாவுக்குப்போலத் தொட்டிக்கும் உறை வேண்டியிருந்தது. தயிருக்கு அடுத்த வீட்டில் கிண்ணத்தை நீட்டி உறைமோர் வாங்குவதுபோல, இந்தத் தொட்டியை முதலில் ஓடவைக்கும்போது பக்கத்து ஜில்லாவிலிருந்து ஒரு லாரிச் சேறு வாங்கிவந்தார்கள். லாரிக்காரன் வெயிலில் டீ குடிக்க நின்றான், புரோட்டா தின்ன நின்றான், மச்சினன் வீட்டில் நின்றான், வந்து சேர்ந்தபோது பாதி செத்துப்போயிருந்தது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு அவளும் கூட வேலை பார்க்கிற சுடலைமுத்து அண்ணாச்சியும் பட்ட பாடு. சாணி கரைத்து ஊற்றினார்கள், வெல்லப்பாகு ஊற்றினார்கள், மோட்டாருக்குக் கரண்டு நின்ற சாயங்காலங்களில் குச்சியை வைத்துத் தொட்டியைக் கிளறுகிற கிறுக்குக்கூடப் பிடித்தது. மாதக்கணக்கில் ஊர் முழுக்க நாறியது, மெய்யாகவே நாறியது, அப்போது பிடித்த மூக்கைத்தான் இன்னும் விடவில்லை. ஒருநாள் காலையில் கண்ணாடிக் குடுவையில் மொண்டு ஜன்னலோரம் வைத்தாள், வைத்துவிட்டுக் கைகழுவித் திரும்பினால் சேறு அடியில் பஞ்சு மெத்தை மாதிரிப் படிந்து மேலே தண்ணீர் தெளிந்து நின்றது, அதற்குப் பின்னாலிருந்த காலண்டரில் தேதி தெரிந்தது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். மெல்லிய காம்பின் நுனியில் மணி கட்டிவிட்டதுபோல ஒரு உயிர், சுருங்கி விரிந்து, சுருங்கி விரிந்து. அன்றைக்கு அவள் அழுதாள். அழுததை அண்ணாச்சி பார்த்துவிட்டார், பார்த்துவிட்டுப் போய் டீ வாங்கிவந்தார். இப்போது ஒரு மூட்டை வந்து உட்கார்ந்திருக்கிறது. மறுபடியும் லாரி, மறுபடியும் சாணி, மறுபடியும் நாற்றம். அதுவரை கீழப்பட்டிக்குக் கறுப்புத் தண்ணீர் போகும், புல் கருகும், ஆடு எதைக் குடிக்கும்? யாரைக் கேட்பார்கள்? டைரக்டரையா கேட்பார்கள், அவளைத்தான் கேட்பார்கள்.

போன் அடித்தது. சுகாதார ஆய்வாளர் ஞானதுரை. ‘என்ன செம்பகம், பவுடரப் போட்டாச்சா?’ போடவில்லை என்றாள். ‘பதினோரு மணிக்கெல்லாம் வந்துருவாக, இன்னும் என்ன செய்றீங்க?’ ‘போட முடியாது சார். அதுல போட்டா உள்ள இருக்கதெல்லாம் செத்துப்போகும்.’ ‘எது சாகும்? அங்க மீனா வளக்கீங்க?’ ‘பாக்டீரியா சார்.’ அவர் சிரித்தார், சிரித்து இருமினார். ‘ஏம்மா, அதக் கொல்லத்தானம்மா பவுடரு! ஊருக்குள்ள கிருமியக் கொல்லு, கிருமியக் கொல்லுன்னு நான் தொண்டத்தண்ணி வத்தக் கத்திக்கிட்டுக் கெடக்கேன், நீங்க கிருமிய வளக்கேங்கிறீங்க. டெங்கு வந்தா ஒங்க வீட்டுக்கும் சேத்துத்தானம்மா வரும்.’ அவள் நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று ஆரம்பித்தாள். ஆரம்பிக்கும்போதே அது பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்கிற கதை மாதிரி அவள் காதுக்கே கேட்டது. ‘நல்லதோ கெட்டதோ, மேல இருந்து ஆர்டர். நீங்க காண்டிராக்டு ஆளு, நான் சொல்லணும்னு இல்ல’ என்று வைத்துவிட்டார். சொல்லணும்னு இல்லையாம். சொல்லிவிட்டுச் சொல்லவில்லை என்பது. மனுஷர் கெட்டவர் இல்லை, டெங்கு வந்த வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கித் தானும் காய்ச்சலில் கிடந்தவர், அதெல்லாம் தெரியும். தெரிந்து என்ன, கோபம் குறையவில்லை. அவருக்கு வெளுத்ததெல்லாம் பால். பெரிய ஆள் வருகிறான் என்றால் ரோட்டின் இரண்டு பக்கமும் பவுடரால் கோடு போடுவது, கோட்டுக்கு அந்தப் பக்கம் எது நாறினாலும் அது கணக்கில் வராது. யார் இந்தக் கோட்டை முதலில் போட்டது? வெள்ளைக்காரன் காலத்தில் எவனோ ஒருத்தன் போட்டிருப்பான், இன்னும் அழியவில்லை.

கோடு. அவள் நின்றாள். கோடுதானே வேண்டும்? ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டாள். கம்பிச் சல்லடையில் சிக்கிய துணியையும் பிளாஸ்டிக்கையும் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த சுடலைமுத்து நிமிர்ந்தார். ‘இந்த மூட்டையப் பிரிச்சு வாசல்ல இருந்து ஆபீஸ் வரைக்கும் கோடு போட்டுருவோம். ரெண்டு பக்கமும். தடியா. தீருற வரைக்கும் போடுவோம்.’ அவர் மூட்டையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். ‘தொட்டிக்குள்ளன்னுல்லா சொல்லிவிட்டாக?’ ‘தொட்டிக்குள்ள போட்டமா இல்லையான்னு எவன் எட்டிப் பாக்கப் போறான் அண்ணாச்சி? வாடை அடிக்கணும் அவ்வளவுதான, பவுடர் வாடை அடிச்சாப் போதும்.’ சுடலைமுத்துவுக்கு வாயெல்லாம் பல். ‘கல்யாணத்துக்குப் போட்ட மாதிரி போட்டுருவமே.’ இரண்டு பேருமாகத் தட்டில் அள்ளி அள்ளிப் போட்டார்கள். கண் எரிந்தது. தொட்டிப் பக்கம் காற்று அடிக்கிறதா என்று அவள் அடிக்கொருதரம் சேலை முந்தியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். காலையில் அவள் வேலைக்கு வரும்போது ஊருக்குள்ளும் இதே கோடுதான். மெயின் ரோட்டில், தேரடியில், மார்க்கெட்டில், எங்கு பார்த்தாலும் வெள்ளை. துப்புரவுக்காரர்கள் தெருத்தெருவாகப் பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்து, சாக்கைக் கவிழ்த்து, மூடிவிட்டு அடுத்த மூடிக்குப் போனார்கள். எங்க தெருவுக்கு இல்லையா, எங்க தெருவுக்கு இல்லையா என்று ஜனங்கள் வாசலில் நின்று உரிமையாகக் கேட்டார்கள். அவள் குடியிருக்கிற பள்ளத்தெருவுக்கு இந்த மாதிரி நாளில்தான் நகராட்சி என்று ஒன்று இருப்பதே தெரியும். அவள் வாசல் மூடி ஒரு வாரமாகக் கசிந்துகொண்டிருந்தது, அவளும்தான் அங்கே குனிந்து நின்ற துப்புரவுக்காரன் பூவையாவைக் கூப்பிட்டு, ‘நம்ம வாசலுக்கும் ஒரு தட்டு சேத்துப் போடுப்பா’ என்றாள். பூவையா மூடியைத் திறந்து மூன்று தட்டுப் போட்டான். நன்றாயிரு என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கோடு போட்டு முடித்து, காலி சாக்கை உதறாமல் மடித்து, வெளியே முள்ளுக்குள் தூக்கி எறிந்தபோது அவளுக்கு நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. ஆகா, என்ன செண்பகவல்லி, லேசுப்பட்ட ஆளா நீ. வேப்பமரத்து நிழலில் ஆபீஸ் படியில் உட்கார்ந்தாள். தொட்டிக்குக் காற்றடிக்கிற புளோயரின் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. இந்தச் சத்தம் நின்றால் வீட்டில் தூக்கத்திலும் விழித்துக்கொள்வாள், ஆறு கிலோமீட்டர் தள்ளி எப்படிக் கேட்கும், ஆனாலும் விழித்துக்கொள்வாள். பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆகப்போனது. வெள்ளைக் கோடு வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. டைரக்டர் வந்தால் என்ன சொல்ல வேண்டும்? ஐயா, இது உயிர், என்று சொல்ல வேண்டும். குடுவையைக் காட்ட வேண்டும், நுண்ணோக்கியில் அந்த மணியைக் காட்ட வேண்டும். காட்டினால் பார்ப்பாரா? சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு குனிய முடியுமா? போன் அடித்தது. ஞானதுரை, பின்னால் நாதஸ்வரம். ‘செம்பகம், டைரக்டருக்கு நேரமில்லையாம். விழா மண்டபத்துலயே ஸ்கிரீன்ல போட்டுக் காட்டிருவோம்னுட்டாக. நீங்க செல்லுல ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க, வாசல்ல கோடு கீடு போட்டிருந்தா அதும் தெரியுற மாதிரி.’ வரவில்லையா. இவ்வளவு கூத்தடித்து, ஊரையே வெள்ளையடித்து, வரவில்லை. சாப்பாடு மட்டும் வந்து சாப்பிடுவார்களாக்கும். திட்டவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிற்கும்போதுதான் சுடலைமுத்து சல்லடைப் பக்கமிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். ‘மேடம், இங்க கொஞ்சம் வாங்க. வாரது சரியில்ல.’

போவதற்கு முன்பே வாடை வந்து மூக்கில் குத்தியது. கோட்டு வாடை இல்லை இது, கோடு காய்ந்து கிடக்கிறது, இது ஈரமாக, தொண்டைக்குள் இறங்குகிற வாடை. ஊரிலிருந்து சாக்கடை வந்து விழுகிற வாயில் தண்ணீர் வழக்கமான சாம்பல் நிறத்தில் இல்லை, வெளிறி, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி நுரைத்துக்கொண்டு வந்தது. எங்கிருந்து, எவன், என்று கேட்க வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தேரடி. மார்க்கெட். மெயின் ரோடு. எங்க தெருவுக்கு இல்லையா. அத்தனை மூடியையும் திறந்து அத்தனை சாக்கையும் கவிழ்த்தது வேறெங்கே போகும், ஊரில் எந்த ஓட்டையில் ஊற்றினாலும் வந்து சேருகிற இடம் இதுதானே. காலையெல்லாம் ஒரு மூட்டைக்குக் காவல் நின்றாள், ஒற்றை மூட்டைக்கு! வேறு ஊராக இருந்தால் ஆயிரம் வீட்டுக் குளியல் தண்ணீரில் பவுடர் கரைந்து காணாமல் போயிருக்கும். இங்கே வாரத்துக்கொருதரம் குடிதண்ணீர், ஒரு குடத்தில் மூன்று பேர் குளிக்கிற ஊர், சாக்கடைகூடக் கெட்டியாகத்தான் வரும், அதற்குள் இவ்வளவு பவுடர். நம்ம வாசலுக்கும் ஒரு தட்டு சேத்துப் போடுப்பா. சொன்னது யார்? படித்தவள் சொன்னாள். தொட்டிக்குத் தாய் மாதிரி நிற்கிறவள் சொன்னாள். பூவையா மூன்று தட்டுப் போட்டான், நன்றாயிரு என்றாள். அவளுக்கு ஊர் மேல் வந்த ஆத்திரம் முழுக்கத் திரும்பி அவள் கன்னத்தில் அறைந்தது, அறைந்தும் தீராமல் மறுபடியும் ஊர் மேலேயே போனது. உள்ளே வரும் சிமெண்டு வாய்க்கால் வழியாக அந்த வெளிறிய தண்ணீர் நகர்ந்துகொண்டிருந்தது, இன்னும் கொஞ்ச நேரத்தில் தொட்டி.

‘தொட்டிக்குப் போகாம பைபாஸ் குழாயில தள்ளி விட்டுருவமா?’ என்றார் சுடலைமுத்து. தள்ளினால் நேரே கீழப்பட்டிப் புல்லுக்குப் போகும், ஆடு வாய் வைக்கும், கூடாது. உள்ளே விட்டால் தொட்டி சாகும். மிச்சம் ஒன்றுதான். ஷட்டரை இறக்கி வாயை அடைக்க வேண்டும். அடைத்து மாலை வரை நிறுத்திவிட்டால் குழாய்க்குள் கிடக்கிற கழிவே பவுடரைத் தின்று தீர்த்துவிடும், அப்புறம் திறந்துகொள்ளலாம். ஆனால் அதுவரை ஊர் விடுவது எங்கே போகும்? போக இடமில்லாமல் குழாயில் பின்னுக்கு ஏறும், எந்த மூடி பள்ளத்தில் இருக்கிறதோ அதைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். எந்த மூடி என்று அவளுக்குத் தெரியும். ஒரு வாரமாகக் கசிகிற மூடி, அவள் வாசல் மூடி. தேரடியில் வராது, மண்டபத்து வாசலில் வராது, அங்கெல்லாம் மேடு. பெரியவர்கள் பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருப்பார்கள், பள்ளத்தெருவில் வீட்டுக்குள் போக வழியிருக்காது. கேட்காமல் ஷட்டரை அடைத்தாள் என்று வேலையும் போகும், நீங்க காண்டிராக்டு ஆளு, நான் சொல்லணும்னு இல்ல. ஞானதுரைக்குப் போன் போட்டுக் கேட்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார். வேண்டாம் என்று சொன்ன பிறகு அடைப்பதைவிடக் கேட்காமல் அடைப்பது மேல். நினைத்துக்கொண்டே இருந்தாள், நினைப்பு மூட்டையைச் சுற்றியதுபோலவே இந்த ஷட்டர்ச் சக்கரத்தையும் சுற்றிச் சுற்றி வந்தது, அதற்குள் கை போய்ச் சக்கரத்தைப் பிடித்துவிட்டது. துருவேறி இறுகிக் கிடந்தது. சுடலைமுத்து எதிர்ப்பக்கம் வந்து அவரும் பிடித்தார். இரண்டு பேரும் முக்கி முக்கித் திருகினார்கள். ஷட்டர் இறங்க இறங்கத் தண்ணீர்ச் சத்தம் மெலிந்து, சல்லடைக்கு இந்தப் பக்கம் வாய்க்கால் வெறுமையாகக் கிடந்தது. உள்ளே ஏற்கெனவே நுழைந்த கொஞ்சத்தை வாளியால் இறைத்துச் சிமெண்டுத் தரையில் ஊற்றினார்கள், முடிக்கும்போது மணி இரண்டு தாண்டிவிட்டது.

அவள் தொட்டியில் ஒரு குடுவை மொண்டு படியில் வைத்து அதன் முன்னால் உட்கார்ந்தாள். கொஞ்சம் அதற்குள் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்திருந்தால்? காப்பி நிறம் மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது, படியுமா, படியாமல் கலங்கலாகவே நிற்குமா? பிழைத்திருந்தால் படியும். படிந்துவிடு, தாயே, படிந்துவிடு. போன் அடித்தது, பேரைப் பார்த்து எடுத்தாள். ஜெயக்கொடி அக்கா. தோசை மாவு நின்றதிலிருந்து ஒருநாளும் போன் பண்ணாதவள். ‘ஏ செம்பகம், எங்கடி இருக்க? நம்ம தெருவுல மூடியத் தூக்கிக்கிட்டு வந்துருச்சுடி, ஒங்க வாசல், எங்க வாசல், பூரா! நாத்தம் கொடலப் பொரட்டுது, ஒங்க வீட்டுக்காரரு படியில நின்னுக்கிட்டு ஒன் பேரச் சொல்லிக் கத்துதாரு. ஒங்க ஆபீசுல சொல்லி நிப்பாட்டச் சொல்லுடி!’ வாயில் பத்துப் பதில் வந்தது. காலையில் பவுடர் கேட்டோமே, இப்போது நாறுகிறதா அக்கா. மூக்கைப் பிடித்துக்கொள்ள யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லையே அக்கா. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுக் குடுவைப் பக்கம் திரும்பினாள். குடுவையில் மேல்விளிம்புக்குக் கீழே, நகக்கண் அளவுக்கு, தண்ணீர் தெளிந்திருந்தது. ‘நான்தான் அக்கா அடச்சேன்’ என்றாள். ‘என்னது?’ ‘நான்தான் அடச்சேன். சாயங்காலம் வரைக்கும் தெறக்க மாட்டேன். அவரு கிட்டயும் சொல்லிருங்க, முனிசிபாலிட்டில எந்த வேலன்னு எவனாவது கேட்டா இந்த வேலதான்னு சொல்லச் சொல்லுங்க.’ போனைப் படியில் கவிழ்த்து வைத்தாள். அது மறுபடியும் அதிர்ந்தது, நின்றது, மறுபடியும் அதிர்ந்தது, ஞானதுரையாக இருக்கும். அவள் குனிந்து குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேறு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.